கரையில் ஐந்து நாட்கள்

தலைநகரில் வாழும் நம் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்பது ஓய்வன்று. அதுவும் ஒருவகை அலுவலே. மே மாதத்தில் பள்ளிகள் மூடியதும் தென்திசை நோக்கிச் செல்லும் வண்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு ஏறுகிறோம். பதினைந்து நாள் விடுப்பில் நான்கு இரவுகள் தண்டவாளத்தின்மீது கழிந்துவிடும். எஞ்சிய நாட்களுக்குள் இரண்டு திருமணம், ஒரு காதணி விழா, குலதெய்வத்துக்குப் பொங்கல், பாகப்பிரிவினை குறித்து ஒரு பேச்சு, பட்டா மாறுதலுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை என்று எத்தனையோ கடமைகள். அத்தை வீட்டுக்குப் போய்விட்டுச் சித்தி வீட்டுக்குப் போகாமல் திரும்பினால், அடுத்த கோடை வரையில் அதற்கு விளக்கம் கூறிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகளோ, ஒரு வீட்டின் கூடத்திலிருந்து மற்றொரு வீட்டின் கூடத்துக்கு மாற்றப்பட்டு, காண்போர் கன்னத்தையெல்லாம் கிள்ளக் கொடுத்து, "தமிழ் பேசுவாளா?" என்ற கேள்விக்கு விடை கூறாமல் தாயின் முந்தானைக்குள் ஒளிந்து, ஒருவாறு தில்லி வந்து சேர்கின்றன.

நடுவண் அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை என்றொன்று உண்டு என்பதை இம்மலரைப் படிப்போரில் பலரும் அறிவர். நான்காண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தில் சொந்த ஊருக்கு இருமுறை சென்று வரலாம். அவற்றுள் ஒன்றுக்கு மாற்றாக இந்தியாவின் எப்பகுதிக்கும் ஒருமுறை செல்லலாம். இதில் 'சொந்த ஊர்' என்பது பணியில் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டில் எழுதிய ஊர். எங்கள் பதிவேட்டில் காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் இருக்கிறது. அவ்வூரில் இன்று எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. வீட்டை விற்றுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அரசின் கணக்கில் நாங்கள் இன்னும் அவ்வூர்க்காரர்களே.

2023-ஆம் ஆண்டுக் கோடையில் இந்தச் சலுகையைப் பயன்படுத்தும் நேரம் வந்தபோது வீட்டில் ஒரு சிறு மாநாடு நடந்தது. ஒன்பது வயது மகனும் ஐந்து வயது மகளும் கடலைப் பார்த்ததில்லை. மகன் நான்காம் வகுப்பில் கடலைப் பற்றிப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தான். மகளுக்கோ நீர் என்றால் யமுனைப் பாலத்தின்மீது பேருந்து செல்லும்போது தெரிவதும், குவார்ட்டர்ஸ் மாடித் தொட்டியில் நிரம்பி வழிவதுந்தான். "உறவினர் வீடுகளுக்கு ஐந்து நாள், கடற்கரைக்கு ஐந்து நாள்" என்று முடிவாயிற்று. "கடற்கரையில் ஐந்து நாள் என்ன செய்வீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்ட உறவினர்களுக்கு, "ஒன்றும் செய்யப் போவதில்லை" என்று உண்மையையே கூறினோம். எவரும் நம்பவில்லை.

தரங்கம்பாடியைத் தேர்ந்தவர் எங்கள் தாயார். எழுபது வயதைக் கடந்த அவருக்கு அவ்வூர் சிறு வயதில் சென்று வந்த இடம். "மாயவரத்துல ரயிலேறினா நேரே கடல்ல கொண்டுபோய் விட்டுடும்" என்பார். உண்மைதான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் தொடங்கிய மீட்டர் பாதை இரயில் ஒன்று இருந்தது. 1986-இல் அது நின்றுபோயிற்று. இப்போது அந்த முப்பது கிலோமீட்டரைச் சாலை வழியேதான் கடக்க வேண்டும். புது தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறி, இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்துச் சென்னையில் இறங்கி, எழும்பூரில் வேறு வண்டி மாறி மயிலாடுதுறை சேர்ந்தோம். அங்கிருந்து வாடகைக் காரில் புறப்பட்டபோது தாயார் சன்னலோரத்தில் அமர்ந்து, இல்லாத தண்டவாளத்தைத் தேடிக்கொண்டே வந்தார்.

தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று பொருள் கொண்டு மகிழ்வது வழக்கம். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரிடம் இசைவு பெற்று டென்மார்க் நாட்டார் இங்கே ஒரு கோட்டை கட்டினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுச் சென்றனர். 1792-ஆம் ஆண்டைச் சேர்ந்த வெள்ளை நுழைவாயிலைக் கடந்தால் நேரான ஒரு தெரு. இருமருங்கும் பழைய வீடுகளும் இரண்டு தேவாலயங்களும். தெருவின் முடிவில் கடல். ஒரு சந்தடியும் இல்லை. நாங்கள் தங்கியது தெருவின் பின்புறத்தில் ஓட்டு வீடு ஒன்றின் இரண்டு அறைகளில். வசதிகள் குறைவு, ஆனால் படுத்துக்கொண்டே அலையோசை கேட்கலாம்.

பெட்டிகளை வைத்ததும் வைக்காததுமாகக் கரைக்குச் சென்றோம். கடலைக் கண்டதும் குழந்தைகள் ஓடிப்போய்க் குதிப்பார்கள் என்று எண்ணியிருந்தோம். மகன் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டான். "இது நகர்ந்துகொண்டே இருக்கிறதே!" என்றான். படத்தில் பார்த்த கடல் அசையாதது, நீலமானது. இதுவோ மண்ணின் நிறம் கலந்து, ஒவ்வொரு முறையும் ஒரு சுமையை இறக்குவதுபோல் ஒலித்தது. மகள் எங்கள் கையைப் பற்றிக்கொண்டு அழுதே விட்டாள். இந்தியில்தான் அழுதாள். "வீட்டுக்குப் போகலாம்" என்பதை அம்மொழியில் பத்துமுறை கூறினாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேச வராது என்பதைவிட, பேச வேண்டிய தேவை அவளுக்கு அதுவரை ஏற்பட்டதில்லை என்பதே பொருந்தும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்; விளையாட்டில் இந்தி; வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு இந்தியில் விடை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் ஒப்பிப்பாள். தில்லியில் குழந்தை வளர்க்கும் பெற்றோர் பலர்க்கும் இது புதிய செய்தியன்று.

மறுநாள் முதல் எங்கள் நாட்கள் ஒரே மாதிரியாக அமைந்தன. கிழக்குக் கரையாதலின் கதிரவன் கடலிலிருந்தே எழுகிறான். மே மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்னதாகவே. ஐந்தரைக்கெல்லாம் கரையில் இருப்போம். அந்நேரத்தில்தான் கண்ணாடியிழைப் படகுகள் திரும்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய அறுபத்தொரு நாட்கள் மீன்வளம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்குத் தடை. ஆகவே பெரிய படகுகளுக்கும் எங்களைப் போலவே விடுமுறை. சிறு படகுகளில் வரும் மீனைக் கரையிலேயே ஏலம் கூறுவார்கள். சங்கரா, மத்தி, நெத்திலி, காரப்பொடி என்று தாயார் ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லுவார். அன்றைய குழம்பு அங்கேயே முடிவாகிவிடும்.

எட்டு மணிக்குமேல் மணலில் கால் வைக்க இயலாது. கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த காலம். அறைக்குத் திரும்பி, உண்டு, உறங்கி, நுங்கு தின்று, மீண்டும் உறங்கி எழுந்தால் நண்பகல் கழிந்திருக்கும். அப்போது ஒரு மாறுதல் நிகழும். காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்த காற்று நின்று, சற்றுநேரம் ஓர் இலையும் அசையாமல் புழுங்கும். பிறகு கடலிலிருந்து காற்று புறப்படும். நிலம் விரைவில் சூடேறுகிறது, நீர் மெதுவாகச் சூடேறுகிறது. நிலத்தின்மீது சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மகன் இதையும் பாடத்தில் படித்திருக்கிறான். ஆனால் வியர்த்து ஒட்டிய சட்டையின்மீது அக்காற்று முதன்முதல் பட்ட கணத்தில்தான், "ஓ, அது இதுதானா!" என்றான்.

நான்கு மணிக்குமேல் மீண்டும் கரை. இலக்கண நூலார் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என்றனர். பட்டப்படிப்பில் இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். பிற்பகலில் வெயில் முதுகுப்புறம் சாய, நம் நிழல் நம்முன் நீண்டு கடலை நோக்கிச் செல்ல, காற்று முகத்தில் வீசும்போது, அந்நிலத்துக்கு ஏன் அப்பொழுதை வகுத்தனர் என்பது விளங்கிற்று. கரையில் உட்கார்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

இரண்டாம் நாள் மாலை முதியவர் ஒருவர் அறிமுகமானார். கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டு படகின் நிழலில் அமர்ந்திருந்தார். குழந்தைகள் நீர் விளிம்பில் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார். "தம்பி, புள்ளைங்கள எங்க நிறுத்தியிருக்கீங்க? அந்தப் பக்கம் வாங்க" என்று எங்களை வடக்கே ஐம்பது தப்படி நடத்திச் சென்றார். பிறகு ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பாதைபோல நீர் அமைதியாக, சற்றே கறுத்துத் தெரிந்தது. நகரத்தார் கண்ணுக்கு அதுவே குழந்தைகள் குளிக்கத் தக்க இடமாகத் தோன்றும். "அலை ஒடையாத எடந்தான் ஆளை இழுக்கும். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது" என்றார். கடலைப் பற்றி அறிவியல் கூறுவதும் அதுவே. கரையில் ஏறிய நீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி விரைந்து கடலுக்குள் திரும்பும்போது, நீந்தத் தெரிந்தவரையும் அது கொண்டுபோய்விடும். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திச் சோர்வதைவிடக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தினின்று வெளியேறுவதே வழி.

பெரியவர் ஒரு கோலை எடுத்து ஈர மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "பாப்பா, தம்பி, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தண்ணி உன்கிட்ட வரட்டும். நீ தண்ணிகிட்டப் போவாதே. முழங்காலுக்கு மேல வேணாம். கடலுக்கு முதுகக் காட்டாதே." நான்கே விதிகள். வேறு எவர் சொல்லியிருந்தாலும் எதிர்வாதம் செய்யும் எங்கள் மகன் அக்கோட்டின் பின்னால் பணிவோடு அமர்ந்தான். மகளும் அவனருகில் அமர்ந்தாள். ஓர் அலை வந்து கோட்டைத் தொட்டு, அவள் பாதத்தையும் தொட்டு, காலடி மணலை உருவிக்கொண்டு திரும்பியது. அவள் எங்களைப் பார்த்தாள். அழலாமா சிரிக்கலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த அலைக்குச் சிரித்தாள்.

பெரியவரின் படகுக்குப் பின்னால் மூன்று மரத்துண்டுகள் மணலில் பாதி புதைந்து கிடந்தன. அவை ஒருகாலத்தில் கட்டுமரமாக இருந்தவை. 2004-க்குப் பிறகு பெரும்பாலும் எல்லோரும் கண்ணாடியிழைப் படகுக்கு மாறிவிட்டதாகக் கூறினார். எங்கள் மகனுக்கு 'கேட்டமரான்' தெரியும். ஆங்கிலப் படப் புத்தகத்தில் பார்த்திருக்கிறான். அது இந்தக் கட்டுமரத்தின் பெயர்தான், நம் ஊர்ச் சொல்லே கப்பலேறிச் சென்று ஆங்கில அகராதியில் இடம்பெற்றது என்று கூறியபோது அவன் நம்பவில்லை. "கட்டின மரம், கட்டுமரம்" என்று பெரியவர் விரல்களைச் சேர்த்துக் காட்டியதும் நம்பினான். அன்று முழுவதும் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அதனைக் கூறிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் பெரியவரின் பேரப் பிள்ளைகளும் அவர்களுடைய தோழர்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கும் பள்ளி விடுமுறை. எங்களை 'மாமா', 'அத்தை' என்று அழைத்துக்கொண்டு, உரிமையோடு எங்கள் வாளியை எடுத்துச் சென்றனர். இந்த வாளி எங்கள் கதையில் முக்கியமானது. அது தில்லியிலிருந்து கொண்டு சென்ற பிளாஸ்டிக் வாளி, எங்கள் மகளுடையது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் அவள் பேச வேண்டும். இந்தியில் கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். மீண்டும் கேட்டாள். ஒரு சிறுமி, "என்ன வேணும், சொல்லு" என்றாள். எங்கள் மகள் சற்றுநேரம் நின்று, எழுத்துக் கூட்டுவதுபோல், "வாளி... என் வாளி... குடு" என்றாள். அவள் வாழ்நாளில் தன் வயதொத்த ஒருத்தியிடம் தமிழில் பேசிய முதல் சொற்கள் அவை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. அம்மூன்றையும் அம்மணலில் கண்டோம். ஈர மணலைக் குவித்து வீடு கட்டினர். அலை வந்து கலைக்க, பழிக்குப் பழி என்பதுபோல் இன்னும் பெரிதாகக் கட்டினர். வாளியைக் கவிழ்த்துப் பறையாக அறைந்தனர். தின்று எறிந்த நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளி நுங்கு வண்டி ஓட்டினர். எங்கள் மகன் பாட்டரியில் ஓடும் வண்டிகளை வைத்திருப்பவன். இந்த வண்டிக்காகத் தன் தொப்பியைப் பண்டமாற்றாகக் கொடுத்தான். நண்டு வளையின் வாயில் காலை வைத்து மறைத்து, நண்டு வேறொரு வளை வழியே ஓடுவதைப் பார்த்தார்கள். சோழி, கிளிஞ்சல், சிப்பி, சங்கு என்று பொறுக்கிப் பிரித்தார்கள். நம் குழந்தைகள் சொற்களைப் பொறுக்கினார்கள். அவர்களும் பதிலுக்கு 'ஜல்தி', 'பானீ' என்று இரண்டு மூன்று இந்திச் சொற்களை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய சொல்லை உடனே பயன்படுத்தாவிட்டால் ஆட்டத்தில் இடமில்லை. நுரை வந்தால் 'நுரை' என்று கத்த வேண்டும். பெரிய அலை வந்தால் 'ஓடு' என்று கத்த வேண்டும். மொழிபெயர்த்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. சீகன்பால்கு என்ற செர்மானிய இளைஞர் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதே கரையில் வந்து இறங்கினார். சமயப் பணிக்கு வந்தவர்க்கு ஏறத்தாழ இருபத்துநான்கு வயது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தானும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பது வரலாறு. ஒன்பது ஆண்டுகளுக்குள், 1715-இல், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வூரிலேயே தமிழில் அச்சாகி வெளிவந்தது. அவருடைய சமயம் எதுவாயினும் ஆகுக. ஒரு மொழியைக் கற்க வந்த கல்விமான், அம்மொழியில் விளையாடும் பிள்ளைகளின் நடுவே போய் அமர்ந்தார் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நான்காம் நாள் காலை எங்கள் மகள் ஈர மணலில் 'அ' எழுதினாள். ஞாயிறு வகுப்பில் எத்தனையோ முறை எழுதிய எழுத்துத்தான். அலை வந்து அழித்தது. மீண்டும் எழுதினாள். "அலை, அ சாப்பிட்டுடுச்சு!" என்று சிரித்தாள். அந்த வாக்கியத்தை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இக்கரையை விளையாட்டு இடமாக மட்டும் எழுதிச் செல்லுதல் முறையாகாது. கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில் அது. அதன் பெரும்பகுதியைக் கடல் சிறுகச் சிறுகக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இவ்வூர் இழந்த உயிர்கள் பல. மாலையில் சுண்டல் விற்க வரும் அம்மையார் ஒருவர் எங்கள் தாயாரின் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார். நான்காம் நாள் தாயார் தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டார். அவர் கூடையைக் கீழே வைத்தார். "எம் பொண்ணு போயிட்டா அம்மா. இந்தப் பாப்பா வயசுதான்" என்றார். எங்கள் மகள் அப்போது கோட்டின் பின்னால் குந்தியிருந்தாள். சற்றுநேரம் எவரும் பேசவில்லை. "மூணு வருசம் இந்தப் பக்கமே வரல. அப்புறம் வந்தேன். வராம எங்க போறது? இங்கதான இருக்கேன்" என்று கூறிவிட்டு, ஒரு பொட்டலம் சுண்டலைக் கட்டி மகளிடம் நீட்டி, "இந்தா கண்ணு, காரமில்ல" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். நெய்தலுக்கு இரங்கல் உரியது என்று படித்திருக்கிறோம். தலைவனைப் பிரிந்த தலைவியின் இரங்கலை மட்டுமே அதுவரை அச்சொல்லோடு பொருத்தியிருந்தோம்.

அன்றிரவு மகன், "பாட்டி ஏன் அழுதாள்?" என்று கேட்டான். மறைக்காமல் கூறினோம். ஒரு கடலைப் பற்றி அவன் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. நெடுநேரம் கழித்து, "தாத்தா கோடு போட்டது அதனால்தானா?" என்றான்.

அமாவாசையை ஒட்டிய நாட்களாதலின் இரவுகள் இருண்டிருந்தன. உண்டபின் கரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். தில்லியில் வானத்தை அண்ணாந்து பார்த்தால் எண்ணிவிடக்கூடிய விண்மீன்களே தெரியும். இங்கே எண்ண முடியவில்லை. இரவு ஒன்பது மணியளவில் தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, நான்கு மீன்கள் சிலுவை வடிவில் நின்றன. அதுவே தெற்குச் சிலுவை. நம் முன்னோர் திரிசங்கு என்றனர். தில்லியிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால் தூசியிலும் விளக்கொளியிலும் மறைந்துவிடும். விண்ணுலகம் புகவும் இயலாமல் மண்ணுலகம் திரும்பவும் இயலாமல் இடையில் நின்ற மன்னனின் கதையைத் தாயார் பேரப் பிள்ளைகளுக்குக் கூறினார். வடக்கே குடியேறிய தமிழர்களாகிய நாம் நம் நிலையைச் சொல்லிக்கொள்ள அடிக்கடி எடுத்தாளும் உவமை அது. 'இங்கேயும் ஒட்டவில்லை, அங்கேயும் ஒட்டவில்லை' என்று சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மகள் கதையைக் கேட்டுவிட்டு, "அவருக்கு அங்க பயமா இருக்குமா?" என்றாள். "இல்ல கண்ணு. விசுவாமித்திரர் அவருக்குன்னு ஒரு வானமே பண்ணிக் குடுத்துட்டாரே" என்றார் தாயார்.

ஐந்தாம் நாள் விடைபெற்றோம். பெரியவரிடம் சொல்லிக்கொள்ளச் சென்றபோது அவர் கடலில் இருந்தார். அவர் மருமகள்தான், "போயிட்டு வாங்க அண்ணே, புள்ளைங்களக் கூட்டிட்டு மறுபடி வாங்க" என்றார். நுங்கு வண்டி இரயிலில் நாக்பூர் வரையில் வந்து, பிறகு வாடிச் சுருங்கியது. கிளிஞ்சல்கள் இன்னும் ஒரு புட்டியில் இருக்கின்றன.

ஐந்து நாட்களில் எங்கள் மகள் தமிழ் கற்றுவிட்டாள் என்று எழுதினால் அது மிகையாகும். தில்லி திரும்பிய ஒரு மாதத்தில் பாதிச் சொற்கள் போய்விட்டன. ஆனால் மீதிப் பாதி நிலைத்துவிட்டது. பால் பொங்கினால் அவளுக்கு அது இன்றும் 'நுரை'தான். தமிழில் கேட்டதற்குச் சில வேளைகளில் தமிழிலேயே விடை வருகிறது. ஞாயிறு வகுப்பு தேவையில்லை என்பதன்று எங்கள் கருத்து. அவ்வகுப்பு தந்த எழுத்தைத்தான் அவள் மணலில் எழுதினாள். வகுப்பில் மொழி ஒரு பாடமாக இருக்கிறது; தன் வாளியைக் கேட்டுப் பெறும்போது அது தனக்குரியதாகிறது. அதற்கு வேண்டுவன ஒத்த வயதுப் பிள்ளைகளும், அவசரமில்லாத நாட்களும். நம் குழந்தைகளுக்கு நாம் தில்லியில் எத்தனையோ வாங்கிக் கொடுக்கிறோம். அவசரமில்லாத நாளைமட்டும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. விடுப்பு விண்ணப்பத்தில்தான் அதற்கு இடம் தேட வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை இது. அடுத்த முறை தெற்கே செல்லும்போது திருமணங்களையும் கோயில்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. நாட்களில் ஒரு பகுதியை ஏதேனும் ஒரு கரையில் கழியுங்கள். கடல் இல்லையேல் ஆற்றங்கரை, அதுவுமில்லையேல் வயல்வெளி. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். எட்டு மணி முதல் நான்கு மணி வரையில் வெயிலுக்கு வழிவிடுங்கள். நீரில் இறங்குமுன் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரைக் கேட்டு, அவர் சொல்வதற்குக் கீழ்ப்படியுங்கள். பிள்ளைகள் விளையாடும்போது மொழிபெயர்க்கப் போகாதீர்கள். உறவினர் கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்றே கூறுங்கள். எங்கள் பணிப்பதிவேட்டில் சொந்த ஊர் மாறவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனால் 'உன் ஊர் எது?' என்று கேட்போர்க்கு எங்கள் மகள் இப்போது தில்லி என்று கூறிவிட்டு, சற்று நிறுத்தி, "தரங்கம்பாடியும்" என்று சேர்த்துக்கொள்கிறாள். நாங்கள் திருத்துவதில்லை.